டாக்டரே சொன்னாராம்

இதை எழுத உட்கார்ந்து எத்தனையோ தடவை நோட்டை மூடி வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான். ஆனால் தயங்கியது அதனால் இல்லை. எழுதினால் நான் செய்த ஒரு காரியத்தையும் எழுத வேண்டிவரும். அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதினால், மறுநாள் காலையில் பெருமாள் படத்துக்கு முன்னால் நின்று விளக்கேற்ற எனக்குக் கை வராது. எழுதவும் பயம், மறைக்கவும் பயம். இப்படியே ஐந்தாறு வருஷம் போய்விட்டது.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் தெரிவது அந்த ஊதாக் கோடுகள்தான். என் ஓரகத்திக்கு, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவிக்கு, இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷன் ஆகி, ஊசி மருந்தும் முடிந்து, தை மாசத்தில் கதிர் வைத்தியம் தொடங்கினார்கள். தினமும் ஒரே இடத்தில் கதிர் பட வேண்டும் என்பதற்காகத் தழும்பைச் சுற்றியும் கக்கத்தை ஒட்டியும் மையால் கோடு போட்டு அனுப்பினார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திவிட்டு எனக்குக் காட்டினார். காட்டிவிட்டு அவரே சிரித்தார். "பார்றீ, என்னிய பிளாட் போட்டு வெச்சிக்கிறாங்க. கல்லு நடறதுதான் பாக்கி. எவன் வாங்கப் போறானோ!" எங்கள் பக்கம் நெல் விளைந்த நிலமெல்லாம் அப்படித்தான் கோடு போட்டு, கல் நட்டு, கொடி கட்டி நிற்கிறது. சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டு, "வெள்ளிக்கெழம மஞ்ச பூசக்கூடாதாம்" என்றார். அப்போதுதான் அவர் கண் கலங்கியது.

நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து ஒரே அடுப்பு, ஒரே சமையல். கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்ன நாஷ்டா கடை நடத்தினோம். காலையில் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் போகிறவர்கள், லாரிக்காரர்கள் என்று ஒன்பதரை மணி வரைக்கும் கை ஓயாது. தோசைக்கல் அக்காவுடையது. சட்னி, சாம்பார், பார்சல் என்னுடையது. அந்தக் கல்லை வேறு யாரும் தொட அவர் விட்டதில்லை. மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அத்திப்பட்டு பக்கம் அனல் மின் நிலையத்தில் வேலை செய்தார். என் வீட்டுக்காரருக்கு இரும்புக் கம்பெனியில் ஷிப்ட் வேலை.

கதிர் வைத்தியத்தை எங்கள் பக்கத்தில் யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை. 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லால் அக்கா பட்ட பாடு கொஞ்சமில்லை. பக்கத்து வீட்டம்மா தன் பேரப்பிள்ளையை அக்கா மடியிலிருந்து பக்குவமாகத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்கு வருகிற ஒருத்தர், "கரண்ட் வெச்ச ஒடம்பாச்சே, அவங்க கையால தோச வாங்கினா ஒண்ணும் ஆவாதா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அன்று கடையில் மாமா இருந்தார். "நான் இருவது வருசமா கரண்ட் பண்ற எடத்துலயே கீறேன். என்னாண்ட கை குலுக்குறியே, உனக்கு இன்னா ஷாக்கா அடிச்சிது?" என்று கேட்டுவிட்டு, அக்கா குடித்துப் பாதி வைத்திருந்த டீயை எடுத்து எல்லோரும் பார்க்கக் குடித்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு தோசையைத் திருப்பினார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் மாமா அவ்வளவு பேர் முன்னால் அக்கா பக்கம் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

ஐந்து வாரம், சனி ஞாயிறு தவிர தினமும் சென்னைக்குப் போனோம். கடையை மூடிவிட்டுப் பதினோரு மணி லோக்கலைப் பிடிப்போம். போகிறபோது உட்கார இடம் கிடைக்கும். வருகிறபோதுதான் கஷ்டம். மூன்றாவது வாரத்தில் தோல் இஸ்திரிப் பெட்டி சுட்ட மாதிரி கறுத்தது. நாலாவது வாரத்தில் கக்கத்தில் தோல் உரிந்து, உள்ளே ரோஜா நிறத்தில் ஈரமாக இருந்தது. லேடீஸ் பெட்டியில் யாராவது லேசாக இடித்தாலும் அக்காவின் மூச்சு நின்று திரும்பும். நான் அவருக்கு முன்னால் இரண்டு கையையும் ஜன்னல் கம்பியில் ஊன்றி வேலி மாதிரி நின்று வருவேன். அந்த வேலிக்குள் நின்றுகொண்டு அவர் உதட்டை மட்டும் அசைத்துக் கோவிந்தா, கோவிந்தா என்று சொல்லிக்கொண்டு வருவார். மீஞ்சூர் தாண்டிக் கூட்டம் குறைந்த பிறகுதான் கையை இறக்குவேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மஞ்சள், சந்தனம், பவுடர், எண்ணெய் எதுவும் அந்த இடத்தில் படக்கூடாது. தேய்த்துக் குளிக்கக்கூடாது. அவர்கள் கொடுத்த களிம்பைத் தவிர வேறு எதையும் தடவக்கூடாது. தையல் உறுத்தாத பருத்தித் துணி போட வேண்டும். ஜாக்கெட் எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் மாமாவின் பழைய பனியனைத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கி, தையல் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போட்டு, மேலே தளர்வாக ஒரு சட்டை, அதற்கு மேல் புடவை என்று சுற்றிக்கொண்டார். "இத்தினி நாளா அவரு என்னிய உல்டாவா பேசுவாரு. இப்போ நான் அவரு பனியன உல்டாவா போட்டுக்கினேன். கணக்கு சரியாப் போச்சி" என்பார்.

தை அமாவாசைக்குத் திருவள்ளூர் பெருமாள் கோவிலுக்குப் போகாமல் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. அவரை வைத்தியர் என்றுதான் கும்பிடுகிறோம். உடம்பில் என்ன நோவு இருந்தாலும் குளத்தில் வெல்லம் கரைத்தால் அதுபோலக் கரையும் என்பது நம்பிக்கை. அந்த வருஷம் கோடு அழியக்கூடாது என்பதால் அக்கா தண்ணீரில் இறங்கவில்லை. மேல் படியில் நின்றுகொண்டார். நான் இறங்கி அவருக்காக வெல்லத்தைக் கரைத்தேன். கட்டி வெல்லம், சீக்கிரம் கரையவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா இடது கையைக் கக்கத்தில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டே இன்னொரு கையைக் கூப்புகிற மாதிரி நெஞ்சில் வைத்திருந்தார். "அவசரப்படாதடி, அது பாட்டுக்குக் கரையட்டும்" என்றார்.

மாசிக் கடைசியில் கரண்ட் முடிந்தது. பத்துப் பதினைந்து நாளில் புண் ஆறிப் புதுத் தோல் வந்தது. இனிமேல் கஷ்டமில்லை என்று நினைத்தோம். பங்குனியில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தினம் ஒன்று, ஐந்து வருஷம். பட்டாணி அளவுகூட இல்லாத மாத்திரை அது. அதுதான் எங்களைப் புரட்டிப் போட்டது.

தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கும்போது திடீரென்று அக்காவின் கழுத்திலிருந்து ஒரு சிவப்பு ஏறும். முகம் முழுக்க வியர்வை ஊற்றும். கரண்டியை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய் நிற்பார். ஐந்து நிமிஷத்தில் அதே உடம்பு குளிரில் நடுங்கும். ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை இப்படி. படுத்தால் தலையணை நனையும். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. வாசலில் கோலப்பொடியை எடுத்தால் விரல் இடுக்கில் நிற்காமல் கொட்டும். மாவுக் கரண்டியைப் பிடிக்க முடியாமல் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காரணமில்லாமல் எரிந்து விழுவார், பிறகு அதற்காக அழுவார். புருஷன் பெண்டாட்டிக்குள்ளேயும் கஷ்டம் இருந்தது. அதை எனக்கு மட்டும் ஒரே ஒரு வரியில் சொன்னார்: "அந்த மனுசன் ஒண்ணும் சொல்லல, அதான்டி எனக்கு அதிகமா வலிக்குது." சித்திரை பிறந்தது. வெயில் ஏறியது. ஒரு நாள் அக்கா கல்லைவிட்டு விலகி, கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, "நீயே ஊத்து, என்னால ஆவல" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தக் கரண்டியை வாங்கியபோது, ஆபரேஷன் அன்றுகூட எனக்கு வராத பயம் வந்தது.

இனி நான் சொல்லத் தயங்கியது. எளாவூரிலிருந்து கம்பெனிக் கேன்டீன் வேலைக்குப் போகும் ஒரு அம்மா தினமும் எங்களிடம் இட்லி வாங்குவார். அக்காவைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எங்க சித்தி பொண்ணுக்கும் இதே மாத்திரதான் பாப்பா. சூட்டு மாத்திரையாம் அது. வெயிலுக்கு ஆவாதுன்னு அவ நிறுத்திக்கினா. மழ வந்தப்பறம் போட்டுக்கலாம்னு கீறா." இவ்வளவுதான் அவர் சொன்னது. எங்களுக்கு அது நியாயமாகப் பட்டது. பப்பாளி சூடு, மாம்பழம் சூடு, கோழி சூடு என்று வெயில் காலத்தில் எதையெல்லாம் நிறுத்துகிறோம்! கரண்ட் வைத்த சூடே உடம்பில் அடங்கியிருக்காது, அதற்கு மேல் சூட்டு மாத்திரை வேறா என்று எனக்குத் தோன்றியது.

மத்தியானம் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் உடனே நம்பவில்லை. "நெஜமாவா? டாக்டருங்க அஞ்சு வருசம் விடாமப் போடணும்னாங்களே" என்றார். அவர் முகம் வாடிப்போய், கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன்: "டாக்டரே சொன்னாராம்க்கா."

அந்த எளாவூர் அம்மா டாக்டர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அது நானாகச் சேர்த்தது. அக்கா அன்றைக்கு மாத்திரை போடவில்லை. மறுநாளும் போடவில்லை.

அதற்குப் பிறகு வந்த மூன்று மாசமும் எங்கள் வீட்டில் சந்தோஷம். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டு மூன்று வாரத்தில் சூடு குறைந்தது. விரல் மடங்கியது. அக்கா மறுபடியும் கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். கூழ் வார்க்கிற அன்று வாசலை அடைத்துக் கோலம் போட்டார். நான் பெருமைப்பட்டேன். நல்ல காரியம் பண்ணினேன் என்று பெருமாளிடமே சொல்லிக்கொண்டேன்.

ஆடிக் கடைசியில் செக்கப். அந்த டாக்டர் வயதில் சின்னவர், சிரித்த முகம். "மாத்திரையில கஷ்டம் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். அக்கா உற்சாகமாக, "ஒண்ணுமே இல்ல டாக்டர். சூடெல்லாம் சுத்தமா நின்னுப்போச்சி. கைவலியும் இல்ல" என்றார். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "தினமும் போடுறீங்களா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "கடை வேலைல மறந்துட்டேன் டாக்டர்" என்றார். எத்தனை நாள் மறந்தீர்கள் என்று கேட்டதற்கு, "வெயில் வந்ததுலருந்து" என்றார்.

டாக்டர் கத்தியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இது சூட்டு மாத்திரை இல்லம்மா. உங்களுக்கு வந்த கட்டி, பொம்பளைங்க உடம்புல சுரக்குற ஒரு ஹார்மோனைச் சாப்பிட்டு வளர்ற வகை. கண்ணுக்குத் தெரியாம எங்கேயாவது ஒரு பொட்டு மிச்சம் இருந்தா, அதுக்கு அந்தச் சாப்பாடு கிடைக்கக்கூடாதுன்னுதான் மாத்திரை. ஹார்மோன் குறையும்போது உடம்பு இப்படிக் கொதிக்கும், மூட்டு பிடிக்கும். மாதவிலக்கு நிக்கிற சமயத்துல வர்றது மாதிரிதான். தாங்க முடியலன்னா வந்து சொல்லுங்க. வேற மாத்திரை இருக்கு, வேற வழி இருக்கு. நீங்களா நிறுத்தாதீங்க." பிறகு பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு தெரிய ஒரு வாரம் ஆகும் என்றார்கள். நான் பக்கத்திலேயே சுவரோடு சுவராக நின்றிருந்தேன். நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை.

ரயில் பொன்னேரி தாண்டிய பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த டாக்டரும் சொல்லலக்கா. அது நானா சேத்தது" என்று அழுதேன். பெட்டியில் இருந்த நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்டி. எந்த டாக்டர் உன்னத் தேடிக்கினு வந்து சொல்லிட்டுப் போனாரு? நீ இன்னா அவருகூட காலேஜ் படிச்சவளா?" என்றார். சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்கும் நிறுத்தணும்னுதான் இருந்துது. யாராவது சொன்னா தேவலன்னு காத்துக்கினு இருந்தேன். நீ சொன்ன. உம்மேல போட்டுக்கினு நான் நிம்மதியா இருந்துட்டேன். அழாத, பாதி தப்பு என்னுது" என்றார்.

அந்த ஒரு வாரமும் நான் ஒரு வேளைச் சாப்பாட்டோடு இருந்தேன். வேண்டுதல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. என் வாயால் கெட்டது அக்கா உடம்பில் ஏறியிருக்கக்கூடாது என்று மட்டும் கேட்டேன். முடிவில் புதிதாக எதுவும் இல்லை என்று வந்தது. ஆஸ்பத்திரி நடையிலேயே நான் உட்கார்ந்துவிட்டேன். அக்கா, "எழுந்துருடி, யாராச்சும் உன்னப் பேஷண்ட்டுன்னு தூக்கிக்கினு போயிடப் போறாங்க" என்றார்.

மறுபடியும் மாத்திரை தொடங்கினார். மறுபடியும் எல்லாக் கஷ்டமும் வந்தது. ஆனால் இந்த முறை வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. போய்ச் சொன்னார். ஆறு மாசம் கழித்து டாக்டர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். அது கொஞ்சம் தேவலை. சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்தார், எலும்புக்கு டெஸ்ட் எடுத்தார், தினம் நடக்கச் சொன்னார். விடியற்காலை ரயில் பாதை ஓரமாக நாங்கள் இரண்டு பேரும் நடப்போம். முதல் பத்து நிமிஷம் அக்கா நொண்டி நடப்பார், பிறகு கால் இளகும். கடையில் நேரத்தை மாற்றினோம். அரை மணி அவர், அரை மணி நான். என்னைக் கல்லைத் தொட விட்டதே எனக்குப் பெரிய விஷயம். என் தோசையைப் பார்த்து, "இது தோசையா, ஆந்திரா மேப்பா?" என்று வாடிக்கைக்காரர்களிடம் காட்டுவார். சூடு ஏறும்போது வெளியே போய் நின்று, ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "பெருமாளே, நீ வைத்தியன்னு சொல்றாங்க. வைத்தியன் குடுத்தத நான் துன்னுக்கினுதான் கீறேன், நீ பாத்துக்க" என்று வாய்விட்டுச் சொல்வார். காபியை விட்டார். எரிந்து விழுந்தால் மாமா எழுந்து வெளியே போய், ஒரு முழம் பூவோடு திரும்பி வருவார். விட்ட மூன்று மாசத்தையும் சேர்த்துப் போன வருஷம் ஆவணியில் மாத்திரை முடிந்தது. செக்கப்புக்கு இன்னமும் போகிறோம். ஒவ்வொரு தடவையும் வாசலில் கோவிந்தா சொல்லிவிட்டுத்தான் நான் உள்ளே நுழைகிறேன்.

எல்லோருக்கும் இப்படி நல்லபடியாக முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த எளாவூர் அம்மாவிடம் டாக்டரைப் பார்த்து வந்த மறுநாளே நடந்ததைச் சொன்னேன். அவர் கையிலிருந்த பொட்டலத்தை வைத்துவிட்டுத் தன் சித்தி மகளுக்கு அங்கேயே போன் போட்டார். அந்தப் பெண் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் அந்த அம்மா வேலையை மாற்றிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கும் அது என் மனசில் நிற்கிறது.

போன வாரம் இதையெல்லாம் எழுதி முடித்து அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். மாத்திரை நிறுத்திய பகுதி வந்ததும் நோட்டைத் தாழ்த்திக்கொண்டேன். "இத்த எடுத்துடட்டுமாக்கா? படிக்கிறவங்க உன்னிய இன்னா நெனப்பாங்க" என்று கேட்டேன். அவர் உளுந்து களைந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே சொன்னார்.

"எடுக்காத. அத்த எடுத்துட்டா நான் இன்னாவோ பெரிய தைரியசாலி மாரி ஆயிடுவேன். எங்கியோ ஒருத்தி மாத்திரைய நிறுத்திக்கினு, டாக்டராண்ட சொல்ல வெக்கப்பட்டுக்கினு ஊட்டுல உக்காந்துக்கினு இருப்பா. அவ இதப் படிச்சிட்டு, 'அந்தம்மா எவ்ளோ ஒழுங்கா இருந்துக்கிது, நான்தான் இப்படி'ன்னு இன்னும் வாய மூடிக்குவா. நான் நிறுத்தினேன், அப்பறம் போய்ச் சொன்னேன். ரெண்டையும் எழுது."

எழுதிவிட்டேன். படிக்கிற நீங்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இந்த மாத்திரை போடுகிற ஒரு பெண்ணுக்கு இதைச் சொல்லுங்கள். எங்களை நல்லவர்களாக்க எதையும் குறைக்க வேண்டாம். அவள் மனசு ஆறட்டும் என்று அன்பினால்கூட ஒரு சொல் சேர்க்க வேண்டாம். எங்கள் அக்கா நிறுத்தினார், பிறகு போய்ச் சொன்னார் என்று இருக்கிறபடியே சொல்லுங்கள்.